மூன்றாவது ஜன்னல்

உடைத்துப் போட்ட மலை ரயில் பெட்டியின் தேக்குப் பலகை ஒன்று, அதே ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற லூர்துசாமியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைச் சன்னமாக அறுத்து, அந்தப் பெட்டியையே ஒரு முழ நீள மாதிரியாகச் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் ஜன்னல் கதவுகளை ஒட்ட வந்த பசையிடம் தேக்கு கெஞ்சியது. "மூன்றாவது ஜன்னலை மட்டும் பிடிக்காதே."

"மழை உள்ளே அடிக்குமே!"

"அடிக்கட்டும். ரயில் ஓடிய காலத்தில் அது ஒருநாளும் சரியாக மூடியதில்லை. சாரல் அடித்தால் எல்லாரும் எதிர் பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே துண்டில் தலை துவட்டுவார்கள். அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும்."

"மட்டமான பசை என்று என்னைக் குப்பையில் போட்டுவிடுவாரே" என்றது பசை. கொஞ்சம் யோசித்தது. பிறகு பிடியை விட்டது.

கதவு விழுந்தது. லூர்துசாமி எடுத்து ஒட்டினார். மறுபடியும் விழுந்தது.

"என்ன பசை இது!" என்று டப்பாவைத் தூக்கியெறியப் போனவர், திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஸ்டெல்லா, இங்க வந்து பாரேன்!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கு இந்த ஜன்னல்கிட்ட நனைஞ்சுக்கிட்டே டிக்கெட்டை நீட்டினேன். வாங்கினவர் இன்னும் திருப்பித் தரவே இல்லை" என்றாள்.