ரெண்டு இஞ்ச் கூடுதல்

தபால்காரர் தெருமுனையில் திரும்பியதுமே தையல்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"வர்றாரு பாரு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. அதுவும் வெளிர் காக்கி பேன்ட்டு. ஒரு சொட்டு பட்டாலும் ஊருக்கே தெரியும். என்ன தைரியம் பாரு."

"அவரு யூனிஃபார்மே அந்தக் கலர்தாங்க" என்றாள் மனைவி, காஜா எடுத்தபடியே.

"நீ அவருக்கே வக்காலத்து வாங்கு."

தபால்காரர், தையல்காரர் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே ஆபரேஷன். மூத்திரப்பையில் புற்றுநோய். பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டிப் புதுப் பை தைத்து வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"தையல்ல உங்களையே மிஞ்சிட்டாங்க மாஸ்டர்" என்று தபால்காரர் அப்போதே ஜோக்கடித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். எழுந்து நடக்கச் சொல்லி நர்ஸ் கெஞ்சினார், மனைவி அழுதாள், மனுஷன் அசையவில்லை. மறுநாள் தபால்காரர் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஒரு நடை போய்வந்தார். அடுத்த பத்தாவது நிமிஷம் தையல்காரர் இரண்டு நடை போய்வந்தார்.

புதுப் பையிடம் ஒரு குறை. நிறைந்தால் சொல்லாது. முட்டுகிற உணர்வே கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துப் போய்விட்டு வர வேண்டும். பிடித்து வைக்கும் தசை பழகுகிறவரை கசியும். அதுவரை உள்ளே பேடு. தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இறுக்கு, பத்து எண்ணு, விடு.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் மறுபடி படுத்துவிட்டார்.

"பேன்ட் நனைஞ்சவன் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அடுத்தவனுக்கு அளவெடுக்கிறது? கடைய மூடிடு."

இரண்டு மாதம் கடை திறக்கவில்லை. இனி திறக்கவே மாட்டார் என்று மனைவி முடிவுகட்டிவிட்டாள்.

அப்போதுதான் தபால்காரர் நலம் விசாரிக்க வந்தார். யூனிஃபார்மில், தோளில் பெரிய பையோடு.

"டூட்டில சேர்ந்துட்டேன் மாஸ்டர்."

"கசியலையா?"

"சொட்டு கூட இல்ல. சுத்தமா காய்ஞ்சு கிடக்கு."

"எப்படிங்க?"

"எல்லாம் அந்தப் பயிற்சிதான். நீங்களும் பண்றீங்கல்ல?"

"பண்ணாம இருப்பேனா?" என்றார் தையல்காரர். பண்ணியதே இல்லை. தபால்காரர் தலை மறைந்ததும் பண்ணினார்.

"என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு. அவருக்குக் காயுமாம், எனக்குக் காயாதாம். பாத்துடலாம்."

அதன்பிறகு வாரம் ஒருமுறை தபால்காரர் வந்து போனார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். பையையும் தோளிலிருந்து இறக்கமாட்டார். நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"உக்கார நேரமில்லையாம். அவ்வளவு பெரிய ஆளாயிட்டாரு" என்று பொருமிக்கொண்டே தையல்காரர் இறுக்கினார், எண்ணினார், விட்டார். இரண்டு பேடு போட்டவர் ஒன்றுக்கு வந்தார். தனக்குத் தைத்த பேன்ட்டில் ஒரு பேடுக்கு ஒரு இஞ்ச் என்று சீட்டில், அதாவது பின்பக்கச் சுற்றளவில், கூடுதலாக விட்டிருந்தார். அதில் ஒரு இஞ்சைப் பிடித்தும் தைத்தார். தபால்காரர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே ஒருநாள் கடையைத் திறந்தார். ஆனாலும் அந்த ஒரு பேடு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஆளுக்கு அதுவும் இல்லையே.

இப்போது அந்த ஆள் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"மாஸ்டர், யூனிஃபார்ம் இறுக்கிப் பிடிக்குது. கொஞ்சம் பிரிச்சு விடணும்."

தையல்காரருக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. தொப்பை போட்டுவிட்டது. இதிலாவது நான் மேல்.

"பையக் கழட்டி வைங்க சார், அளவெடுத்துடலாம்."

தபால்காரர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பையை இறக்கிவைத்தார்.

பழைய அளவு நோட்டில் இருந்தது. இடுப்பு முப்பத்தாறு, சீட் நாற்பது.

டேப்பைச் சுற்றினார். இடுப்பு முப்பத்துநாலு. சீட் நாற்பத்திரண்டு.

மறுபடி அளந்தார். அதே கணக்கு. ஆள் இளைத்திருக்கிறார், சீட் மட்டும் இரண்டு இஞ்ச் கூடியிருக்கிறது. இந்த மாதிரி அளவை அவர் தன் ஒருவர் உடம்பில்தான் எடுத்திருக்கிறார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு பேடா சார்?"

"ரெண்டுதான். ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்தே. பயிற்சி பண்ணத்தான் செய்றேன். வயசாயிடுச்சு, தசை பேச்சு கேக்க மாட்டேங்குது. பையில பாதி பேடுதான், பாதிதான் தபால். உங்களுக்கு?"

"ஒண்ணு."

நாலு மாதமாகக் கனவு கண்ட வெற்றி. கைக்கு வந்தும் இனிக்கவில்லை.

"அப்புறம் ஏன் சார் சொட்டு கூட இல்லைன்னு எங்கிட்ட அளந்துவிட்டீங்க?"

தபால்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நர்ஸு கெஞ்சியும் நீங்க எந்திரிக்கல. தங்கச்சி அழுதும் எந்திரிக்கல. நான் ஒரு நடை நடந்ததும் ரெண்டு நடை நடந்தீங்க. உங்களுக்கு எது மருந்துன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு மாஸ்டர். அதான் வாரா வாரம் வந்து கொஞ்சம் வயித்தெரிச்சலக் கிளப்பிவிட்டுட்டுப் போனேன்."