சன்னலோரப் பெட்டி

தேவசகாயம் எந்த வீட்டுப் படத்தில் எந்தப் பொருளை வைத்தாலும், எட்டே நாளில் அந்தப் பொருள் அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுமாம். கம்பெனிகள் கேட்கும் பொருளைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கி, பின்னால் ஒரு போட்டோவைப் போட்டு, நிஜம்போலக் காட்டுவது அவர் வேலை. நிலாப் படத்தில் மிக்சியை வைத்தபோது அங்கிருந்தும் ஆர்டர் வந்ததாக அடித்துவிட்டார். அலுவலகமே தலையாட்டியது. பக்கத்து மேசை நாகவேணி மட்டும் நம்பவில்லை.

"ரொம்ப விடாதீங்கண்ணே. இந்தாங்க, எங்க புது வீட்டு ஹாலு. டபுள் டோர் பிரிட்ஜ் ஒண்ணு வைங்க, வருதா பாப்போம்."

"பிரிட்ஜ் இல்லம்மா. ஜில்லுனு வேற ஒரு பெட்டி கையில இருக்கு. சன்னலோரம் உன் வீட்டுக்காரர் நிக்கிறாரே?"

"அவரைத் தூக்கிடுங்க. எப்பவும் வழியிலதான் நிப்பாரு."

தேவசகாயம் அவரைச் சுத்தமாக அழித்தார். அந்த இடத்தில், சொந்தபந்தம் வந்து சேரும்வரை பிணத்தை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கிடத்தினார். சன்னல் வெளிச்சத்தை மூடியில் மினுங்கவிட்டார். ஒயரை இழுத்துச் சுவரிலிருந்த பிளக்கில் மாட்டினார். திரையைப் பார்த்த நாகவேணி, "அடப்பாவி அண்ணே!" என்று ஸ்கேலால் அவர் முதுகில் ஒன்று போட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவசகாயத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஏழாம் நாள் காலையில் நாகவேணி போன் செய்தாள். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துருச்சுண்ணே," என்றாள். "அவரை நடு ஹால்லதான் வைக்கச் சொன்னேன். ஒயர் எட்டல. சன்னலோரமே வச்சிட்டாங்க."