பத்தாவது ஜோடி

பேருந்து கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது. சுற்றுலா வந்த ஊரில், ஷூ கடையின் முக்காலியில், வழியில் செருப்பு அறுந்துபோன மனைவி உட்கார்ந்திருக்கிறாள்; பக்கத்தில் கணவர் நிற்கிறார். அவளைச் சுற்றி ஒன்பது ஜோடிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. நீளம் சரியென்றால் சுண்டுவிரல் நசுங்குகிறது, அகலம் சரியென்றால் குதிகால் கழன்று வருகிறது. “இது காலா, முறமா?” என்று தன் பாதத்தைத் தானே திட்டிக்கொள்கிறாள். கடைக்காரர் பத்தாவது பெட்டிக்காக ஏணியில் ஏறுகிறார். வாசல் வெயில் அவளுடைய சிவந்த விரல்களில் விழுகிறது. மாடியில் துணி காயப்போட இவள் தினமும் யாருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போகிறாள் என்பது கணவருக்கு இப்போதுதான் உறைக்கிறது. குனிந்து, தன் பழைய ஷூக்களைக் கழற்றி அவள் பக்கம் தள்ளுகிறார். அவள் விரல்கள் உள்ளே போய் ஒருமுறை விரிந்து அடங்குகின்றன. “அப்பாடா! அப்போ உங்களுக்கு?” ஓட்டை விழுந்த காலுறையோடு அவர் ஏணியை நிமிர்ந்து பார்க்கிறார். “அண்ணே, இறங்கிடாதீங்க. இனிமே எனக்குத் தேடணும்.”