அத்தான் பெயரில் ஒரு மரம்

"பிரேக்கிலேர்ந்து காலை எடுடா!" என்றாள் அக்கா.

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். அவளுடைய காரில் இரண்டு பிரேக்குகள். ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு. இன்று அந்தப் பக்கத்து இருக்கையில் தம்பி. கற்றுக்கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை, பயம்தான் நிறைய இருந்தது. அது காலில் இறங்கி, கார் பச்சை விளக்கிலும் நின்று நின்று போனது.

"மரத்தைத்தானே பார்க்கப் போறோம்? என்னமோ ஆபரேஷனுக்குப் போற மாதிரி மிதிக்கிறே!"

"வெயிலா இருக்கேக்கா. இன்னொரு நாள் போலாமே."

"முதல்ல கட்சி மீட்டிங்னே. அப்புறம் மழைன்னே. இப்போ வெயிலா? விட்டா பனி பெய்யுதுன்னுகூடச் சொல்லுவே."

தம்பி பின்னால் திரும்பிப் பார்த்தான். மாணவர்கள் வளைத்து ஓட்டிப் பழகும் ஆரஞ்சுக் கூம்புகள் எப்போதும் பின் சீட்டில் உருண்டுகொண்டிருக்கும். இன்று அந்தச் சத்தம்கூட இல்லை.

விஷயம் இதுதான். தம்பியின் இன்டர்நெட் கம்பெனி, ஒரு கட்சிக்குத் தேர்தல் நிதி திரட்டும் வலைத்தளம் செய்து கொடுத்திருந்தது. நன்கொடை கொடுத்தால் நீங்கள் சொல்லும் பெயரில் ஒரு மரம். அது நிற்கும் இடம் பச்சைப் புள்ளியாக உங்கள் போனுக்கே வந்துவிடும். புள்ளி வைக்கும் புரோகிராமை எழுதியவன் தம்பி. கட்சிக்கு வசூல் கொட்டியது. கம்பெனிக்கு இரண்டாவது சர்வர் கட்டடத்துக்கு அனுமதி வரப்போவதாகப் பேச்சு. மரம்தான் வரவில்லை.

அவனும் கேட்டுப் பார்த்தான். "புள்ளி வைக்கிறதுதான் நம்ம வேலை. மரம் வைக்கிறது கட்சி வேலை" என்றார் மேனேஜர். "மரம் உங்க பேக்கேஜுலேயே இருக்குன்னுல்ல நினைச்சோம்" என்றார் கட்சிக்காரர். இருவரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவன் ஆயிற்றே, அவனும் சிரித்துவைத்தான்.

அவன் பங்குக்கு ஒரு கூத்தும் உண்டு. சோதனைக்காக ஆபீஸ் முகவரியைச் சுற்றிப் புள்ளிகளை இறைத்துப் பார்த்தவன், அதை மாற்ற மறந்துவிட்டான். ஜனங்கள் காசு கொடுத்த மரமெல்லாம் லிஃப்டுக்குள்ளும் கேன்டீன் கூரை மேலும் மேனேஜரின் நாற்காலியிலும் செழித்து நின்றன. நல்லவேளை, எல்லோரும் புள்ளியைப் பார்த்தே பூரித்துப்போனார்கள். அக்கா ஒருத்திதான் மரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுடைய புள்ளி, ஆபீஸை ஒட்டி, கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்திருக்கும் சர்வர் கட்டடத்துக்குப் பின்னால்.

"கட்சிக்குன்னு நான் ஒத்தக் காசு குடுத்ததில்லை" என்றாள் அக்கா. "உன் கம்பெனிங்கறதாலதான் குடுத்தேன். காலம் பூரா பஸ் எஞ்சின் சூட்டுல வெந்த மனுஷன் உங்க அத்தான். போனப்புறமாவது அவர் பேர்ல கொஞ்சம் நிழல் இருக்கட்டும்."

தம்பி அவள் பக்கம் திரும்பினான். இதற்கு மேல் மறைத்தால் மனுஷனே இல்லை.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மரம் வந்து..."

"வண்டி ஓட்டுறப்போ பேச்சுக் குடுக்காதே."

ஒரு கையால் ஹாரனும் ஒரு வாயால் ஊர்க்கதையுமாக வண்டி ஓட்டுகிறவள், அன்று மட்டும் சட்டம் பேசினாள்.

அவனிடம் வழி கேட்காமலே பின்பக்கச் சந்தில் திருப்பி, காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான். சர்வர்களின் சூட்டை வெளியே தள்ளும் விசிறிகள் முகத்தில் அனலை ஊதின. 'பூமியைக் காப்போம்' என்று சுவரில் எழுதியிருந்த பச்சைப் பெயின்ட், அந்தச் சூட்டில் உரிந்து தொங்கியது. மரத்தை மாடு மேய்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லலாமா? மாட்டுக்கு இங்கே என்ன வேலை?

"அதோ இருக்கேடா!"

நிமிர்ந்தான். விசிறிக் காற்று எட்டாத மூலையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு வேப்பஞ்செடி. சுற்றிலும் வேலிபோல நான்கு ஆரஞ்சுக் கூம்புகள். தகரத்துண்டில் சிவப்புப் பெயின்டில் அத்தானின் பெயர்.

தம்பி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். செடி அப்படியே இருந்தது. யாரோ நட்டிருக்கிறார்கள்! கட்சியோ கம்பெனியோ, யாரோ ஒருவர் நிஜமாகவே நட்டிருக்கிறார்கள்! போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை.

"பார்த்தியாக்கா? இதான் எங்க கம்பெனி! காசை வாங்கிட்டு ஏமாத்திடுவோம்னு நினைச்சியா?"

"சேச்சே."

"ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஆள் போட்டிருக்கோம். தண்ணி ஊத்துறது, வேலி போடுறது, எல்லாம் பக்கா சிஸ்டம்."

"ஆளு நல்ல ஆளுதான் போல."

"பின்னே? நாங்களே பார்த்துப் பார்த்து எடுத்த ஆளாச்சே!"

அக்கா போனை எடுத்தாள். "நில்லு, ஒரு ஃபோட்டோ எடுக்கறேன்."

தம்பி செடிமேல் ஒரு கையை வைத்து, வலைத்தளத்தில் சிரிக்கும் கட்சித் தலைவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தான்.

அப்போது காவலாளி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு லேட்டு? செடி வாடிடுமேன்னு நானே தண்ணி கொண்டாந்துட்டேன்" என்றவர், போஸ் கொடுத்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓகோ... 'வெறுந்தரையைப் பார்த்தா என் தம்பி முகம் வாடிப்போயிடும்'னு சொல்லிக்கிட்டே குழி வெட்டினீங்களே, அந்தத் தம்பி இவருதானா?"