ரெண்டு கைப்பிடி சோளமாவு

கரேமேரா செய்தது ரொம்பச் சின்ன வேலைதான். ரெண்டே கைப்பிடி சோளமாவு.

எதிர்க்கடை உவேரா மலேரியாவில் சுருண்டு கிடந்த பகலில் அவள் கொல்லைக்குள் புகுந்தான். தொட்டியில் பிழிந்து மூடி வைத்திருந்த வாழைப்பழச் சாற்றில் சோளமாவைத் தூவினான். வாழையிலையால் மறுபடி மூடிவிட்டு நழுவினான். மாவோடு போன ஈஸ்ட் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்னும், வாயுவைக் கக்கும். மூணே நாளில் சாறு பீராகிவிடும்.

அவனுக்குத் தெரிந்து, அந்த மலையில் பீர் விற்கும் உரிமம் அவன் ஒருவனுக்குத்தான். உவேராவுக்கு ஜூஸ் மட்டும். ஆனால் அவள் கடை திறந்த நாளிலிருந்து அவன் பெஞ்சில் ஈதான் உட்காருகிறது.

மூன்றாம் நாள் வட்டார அதிகாரியிடம் ஓடினான்.

"ஐயா, உவேரா தொட்டியில பீர் பொங்குது!"

அதிகாரி துள்ளி எழுந்தார். "நெசமாவா? நுரை கட்டியிருக்கா?"

"நுரையா? இலையையே தூக்கித் தள்ளுதுங்க. காதை வச்சா புஸ்ஸு புஸ்ஸுங்குது!"

"நட, நேர்லயே பாத்துடுவோம்."

அன்றுதான் படுக்கையை விட்டு எழுந்திருந்த உவேரா, அதிகாரியைக் கண்டதும் வெலவெலத்துப் போனாள்.

"ஐயா... தொட்டியத் தொறக்க வேணாங்கய்யா."

"ஏன் தங்கச்சி, உள்ள பாம்பா வளக்குற?" என்றான் கரேமேரா.

"திறம்மா" என்றார் அதிகாரி.

அவள் இலையை விலக்கினாள். நுரை விளிம்புவரை ததும்பி நின்றது. குமிழிகள் படபடவென வெடித்தன. நாணல் குழலை விட்டு, விஷமில்லை என்று காட்ட வழக்கப்படி முதல் மிடறை அவளே உறிஞ்சினாள். உறிஞ்சியவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

'தொலைஞ்சா!' கரேமேராவுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

அதிகாரி ஒரு மிடறு இழுத்தார். நீளமாக இன்னொன்று. "பீரேதான்!"

"நான்தான் சொன்னேன்ல! சும்மா விடாதீங்கய்யா!"

"விடுவேனா? இந்தா, கேன்ல மொண்டு ஊத்து. மூடிய இறுக்காத, வாயு வெடிச்சிடும்."

மளமளவென்று நிரப்பினான் கரேமேரா. தலையில் ஒன்று, கைக்கொன்று. "எங்கங்கய்யா தூக்கணும், ஸ்டேஷனுக்கா?"

"என் வீட்டுக்குப்பா. நாளைக்கு என் பொண்ணு கல்யாணம். அதுக்குத்தான் போன வாரமே இவளுக்கு பீர் உரிமம் போட்டுக் குடுத்தேன்."

உவேரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காய்ச்சல்ல சோளமாவு போடவே மறந்துட்டேங்கய்யா, எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் குலம் தழைக்கணும்!"