போர்வைக்குள் இருந்த கை

வயிற்றிலிருந்து குழாயை உருவும்போதும் பாண்டுரங்கன் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை.

"மூச்ச இழுத்து வுடுய்யா" என்றார் டாக்டர்.

சரேலென்று வந்துவிட்டது. ஒரு மாசமாகச் சீழ் வடித்த குழாய்.

மூன்று நாளாகக் குழாயில் மாட்டின பை காலி. காய்ச்சலும் இல்லை. கணையம் வீங்கி, வீங்கின இடத்தில் கிருமி பூந்து, பிழைப்பது கஷ்டம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன உடம்பு. போன வாரம்தான் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது.

கால்மாட்டில் அவன் பெண்சாதி வசந்தா. கஞ்சி ஊட்டினாள், பையைக் கொட்டிக் கழுவினாள். இத்தனை நாளில் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மார்க்கெட் கமிட்டியில் நெல்மூட்டை தூக்குகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஊர் வேறென்ன சொல்லும்? மேல்மலையனூரில் ஆத்தா முன்னால் குடியை விட்டேன் என்று கயிறு கட்டிக்கொண்டவன், மறுபடி குடித்து ஆத்தாளையே ஏமாற்றிவிட்டான் என்றுதான்.

கயிறு கட்டி ஏழு மாசம். அவன் சொட்டு தொடவில்லை.

ஆனால் காய்ச்சல் தெளிந்து கண் விழித்தபோது மணிக்கட்டில் கயிறு இல்லை. எங்கே விழுந்ததோ! குடிக்கப் போகிறவன்தான் கயிற்றை அறுப்பான். விழுந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? அன்றைக்குப் போர்வைக்குள் போன கை அது.

டாக்டர் வசந்தா பக்கம் திரும்பினார். "வீக்கம் வடிஞ்சப்புறம் நேத்து எடுத்த ஸ்கேன்லதான் தெரிஞ்சிதும்மா. பித்தப்பையில கல்லு. அதனால வந்ததுதான் எல்லாம். குடிச்சி வந்ததில்ல."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாண்டுரங்கனுக்கு மூட்டையை இறக்கி வைத்த முதுகுபோல உடம்பு லேசானது.

வசந்தா கிட்டே வந்தாள். "கைய நீட்டுய்யா."

"எந்தக் கை?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு. ஒளிச்சி வெச்சிருக்கியே, அதுதான்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சிவப்புக் கயிறு. நைந்து அறுந்ததல்ல, கத்தரியால் நறுக்கிய சுத்தமான வெட்டு.

அவன் கயிற்றைப் பார்த்தான். "குடிச்சிட்டேன்னு நெனச்சி நாந்தான் நறுக்கிட்டேன்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வெட்டின கயிறு திரும்ப முடிச்சுக்கு எட்டாது. ஆனால் மணிக்கட்டு அவ்வளவு இளைத்திருந்தது; எட்டியது.