கண்ணாடியில் ஒரு கை

மழை பெய்தால்தான் அந்த அம்மாள் வருவாள். கடைசி ஊருக்கு டிக்கெட் எடுப்பாள். அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவாள். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து, உள்ளே ஆவி படியும் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வருவாள். டிரைவராகச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சிங்கராயனுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சங்கடம். வண்டி நாற்பதைத் தாண்டினால் கையை மடியில் வைத்துக்கொள்வாள். கண்ணாடி வெளுத்துவிடும். வேகத்தைக் குறைத்தால்தான் கை மறுபடி எழும்.

இன்று வேறொரு கம்பெனி பஸ் அவனை முந்திக்கொண்டு போனது. விரட்டினான். கை இறங்கிவிட்டது.

"துடைங்கக்கா, ஒண்ணும் தெரியல."

"மெதுவா போங்க தம்பி, துடைக்கிறேன்."

எரிச்சலோடு அவனே துண்டை எடுத்தபோது, கண்டக்டர் மகுடபதி குனிந்து காதோரம் சொன்னார்: "போன வருச மழையில, முன்னால வர்ற பாலத்துல கவுந்தது இந்த வண்டிதானுங்க. ஓட்டுனவரு அந்தம்மா வீட்டுக்காரரு."

சிங்கராயன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கியரைக் குறைத்தான். முந்திப்போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு மழைக்குள் மறைந்தது. பாலம் வந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று, அவன் பக்கத்துக் கண்ணாடியை மூலைவரைக்கும் துடைத்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"தாண்டினதும் சொல்லுங்க தம்பி."